பேச்சுக்கும் ஒரு தரகனா?

(ஆரல்வாய்மொழியில் செய்த சொற்பொழிவு)



நமது பிரசங்கங்களைப் பாட்காஸ்டாக வெளியிட இவ்வூர் வாலிபர்கள் முன்வந்திருப்பது மெத்த சந்தோஷமே. ஆனால் ஒரு கம்பெனியின் செயலியில் மாத்திரம் போட்டால் போதும், அது இலவசம் என்று சொல்லப்படுவதை நான் ஆட்சேபிக்கிறேன்.

பாட்காஸ்ட் என்பது ஆர்.எஸ்.எஸ். என்னும் பொது முறையில் நடப்பதாகும். (பெயரைக் கேட்டு முகஞ்சுளிக்க வேண்டாம், இது நாகபுரிக் கூட்டமல்ல. சிரிப்பு.) இது வெறும் எழுத்துப் பட்டியல். பேச்சின் தலைப்பு, தேதி, ஒலிக்கோப்பு இருக்கும் விலாசம் ஆகியவை அதிலிருக்கும். எந்தச் செயலியும் அதைப் படித்து ஜனங்களுக்குக் கொடுக்கலாம். யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. ஒலிக்கோப்பை அதில் இணைக்கும் வழியை 2000-ஆம் வருஷக் கடைசியில் டேவ் வைனர் என்பவர் வெளியிட்டார். அது முதல் இது ஒரு பொதுத்தெரு.

பொதுத்தெரு சிலர் கைக்குள் சிக்கினால் என்னவாகும்? பக்கத்துச் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1926 இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்ததல்லவா? 2020 இல் ஸ்பாட்டிபை கம்பெனி பெரும்பணம் கொடுத்து ஜோ ரோகன் நிகழ்ச்சியைத் தன் செயலிக்குள் அடைத்தது. 2024 இல்தான் மற்ற இடங்களுக்கும் விட்டது. அதே 2024 இல் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியையே மூடிவிட்டது. ஆனாலும் பட்டியலைத் தங்கள் கையில் வைத்திருந்தவர்களின் பேச்சு சாகவில்லை; கேட்பவர்கள் வேறு செயலியில் கேட்டார்கள்.

1933 இல் சர்க்கார் நெருக்கடியால் "குடிஅரசு" நின்றபோது "புரட்சி" வந்தது. அதுவும் நிற்கவே 1934 இல் "பகுத்தறிவு" வந்தது. சந்தாதாரர் விலாசம் நம்மிடமே இருந்தாலொழிய இப்படிச் செய்ய முடியுமா?

பெரிய செயலியில்தானே அதிகம் பேர் கேட்கிறார்கள் என்பீர்கள். தாராளமாக அங்கும் கொடுங்கள். ஆனால் அது கடையாக இருக்கட்டும், வீடாக வேண்டாம். பட்டியலின் விலாசம் நம் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். கோப்புகளை வைத்துக் காக்கும் கம்பெனியை விட்டு நாம் விலகினால், பழைய விலாசத்துக்கு வருபவர்களைப் புதிய விலாசத்துக்கு அது அனுப்பிவைக்க வேண்டும். மூலப்பதிவு சங்கத்திடமும் ஒன்று இருக்க வேண்டும். இதற்குச் செலவாகும், அச்சுக்கூலி கொடுக்காமல் பத்திரிகை நடந்ததுண்டா?

கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே தரகன் வேண்டாமென்று பேசப்போகும் நாம், அந்தப் பேச்சுக்கே ஒரு தரகனிடம் அடிமைப்படுவது சுயமரியாதையாகுமா? நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் அறிவைக் கொண்டு யோசித்து முடிவு செய்யுங்கள்.