ஐந்து ரூபாய்க் கணக்கு

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கூட்டத்தில், பங்கைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பொறியியல் படிக்கும் மாணவர்கள் வணிகத்தையும் நிர்வாகத்தையும் சேர்த்துப் படிப்பது நல்லதா என்பது பற்றிப் பேசுமாறு பங்குத் தந்தை அவர்கள் என்னைப் பணித்தார்கள். இதற்கு விடை சொல்ல எனக்குள்ள தகுதி நான் பெற்ற பட்டமன்று. நான் பட்ட பாடுதான். ஆகவே என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்று, 1994-ல் கோவை கணபதிப் பகுதியில் நான்கு லேத்துகளுடன் ஒரு சிறு பட்டறை வைத்தேன். பம்புசெட் மோட்டார்களுக்கு ஷாப்ட் கடைந்து கொடுப்பது எங்கள் வேலை. ஒன்பது தொழிலாளர்கள்; அவர்களுள் நால்வர் நம் பங்குப் பிள்ளைகள். அளவில் நூலிழை பிசகாது. ஆர்டருக்கும் குறைவில்லை, இரவு ஷிப்டும் ஓடியது. ஆயினும் மூன்றே ஆண்டுகளில் பட்டறையை மூட நேர்ந்தது. என் மனைவியின் நகைகள் அடகுக் கடையிலேயே தங்கிவிட்டன. அதைவிடக் கொடியது, ஒன்பது பேரையும் அழைத்து, "நாளை முதல் வேலையில்லை" என்று சொன்ன அந்த மாலைப் பொழுது. "வேலைதான் நிறைய வருதே, ஏன் சார் மூடறீங்க?" என்று ஒருவர் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

விடை ஆறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, அஞ்சல் வழியில் நிர்வாகவியல் படித்துக் கொண்டிருந்தேன். செலவுக் கணக்கியல் பாடத்தில் ஒரு பயிற்சி வந்தது. விளையாட்டாக என் பழைய பட்டறையின் கணக்கையே எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு ஷாப்ட்டின் விலை 100 ரூபாய். இரும்பு, கூலி, மின்சாரம், டூல் பிட் எல்லாம் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 75 ரூபாய் செலவு. மீதி 25 ரூபாய். வாடகை, வங்கி வட்டி, மேற்பார்வையாளர் சம்பளம் ஆகியவை, பட்டறை ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 30,000 ரூபாய். 30,000-ஐ 25-ஆல் வகுத்தால் 1,200. அதாவது மாதம் 1,200 ஷாப்ட் விற்றால்தான் நட்டமில்லாமல் நிற்கலாம். எங்கள் லேத்துகளோ இரவு பகலாக ஓடினாலும் 1,000-க்கு மேல் கடைய மாட்டா. ஆக, மாதந்தோறும் 5,000 ரூபாய் நட்டம். விலையை 105 ரூபாயாகக் கேட்டிருந்தால் மீதி 30 ரூபாய். 1,000 ஷாப்ட்டிலேயே நட்டம் நின்றிருக்கும். ஐந்தே ஐந்து ரூபாய்! அன்றிரவு நான் உறங்கவில்லை.

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடாத மனிதனைப் பற்றிய உவமையை நம் கோவிலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது என்னைப் பற்றியது என்று அன்றுதான் விளங்கிற்று. இத்தனைக்கும் பொறியியல் பொருளாதாரம் என்று கல்லூரியில் ஒரு பாடம் இருந்தது. தேர்வுக்கு முதல்நாள் படித்து, மறுநாளே மறந்தவன் நான்!

இன்னொரு கணக்கும் உண்டு. இரும்புக் கடைக்காரருக்கு ரொக்கம் கொடுக்க வேண்டும். சரக்கு வாங்கியவர்களோ 90 நாள் கழித்தே பணம் தருவார்கள். இடைப்பட்ட மூன்று மாதச் செலவுக்குக் கையில் இருக்க வேண்டிய பணம்தான் நடைமுறை மூலதனம். அது இல்லையேல், இலாபம் வரும் தொழிலும் மூச்சுத் திணறிப்போகும். சிறு தொழில்களுக்குரிய தொகையை 45 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தை அறிந்து கேட்பதற்கும் படிப்பு வேண்டுமல்லவா?

இவ்விரு கல்விகளையும் இணைப்பது புதுமையான எண்ணமன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1914-லேயே பொறியியல் நிர்வாகம் என்ற படிப்பைத் தொடங்கிற்று. இன்று உலகப் புகழ்பெற்ற அதன் நிர்வாகவியல் பள்ளி அந்த விதையிலிருந்து வளர்ந்ததே. ஜெர்மனியில் 1920-களிலேயே பெர்லினில் பொறியியலையும் வணிகத்தையும் ஒரே பட்டமாகக் கற்பித்தார்கள். நம் நாட்டில் பெரும்பாலோர் நான்காண்டுப் பொறியியலும், பின்னர் ஈராண்டு எம்.பி.ஏ.வும் படிக்கிறார்கள். இதற்கென அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் 1961-ல் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தோன்றின. அவற்றுக்கும் முன்னதாக, 1949-லேயே ஜாம்ஷெட்பூரில் இயேசு சபைக் குருக்கள் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்கள் என்பது நாம் பெருமைப்படத்தக்கது.

இவ்விரண்டு அறிவும் ஓரிடத்தில் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு வர்கீஸ் குரியன் அவர்களே சான்று. சென்னை இலயோலா கல்லூரியில் இயற்பியலும், கிண்டியில் பொறியியலும், பின்னர் அமெரிக்காவில் மேற்படிப்பும் பயின்றவர். 1949-ல் குஜராத்திலுள்ள ஆனந்த் என்ற சிற்றூருக்கு அரசுப் பணியாக வந்தார். அங்கே திரிபுவன்தாஸ் படேல் அவர்களின் தலைமையில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்று 1946 முதல் இயங்கி வந்தது. குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகக் கறக்கும். வாங்குவாரின்றி விலை சரியும். கோடையிலோ பால் குறையும். இது வெறும் விலைப் பிரச்சினையா? எஞ்சிய பாலைத் தூளாக்கி வைத்தால் தீரக்கூடிய இயந்திரப் பிரச்சினையும்கூட! எருமைப் பாலைத் தூளாக்க முடியாது என்று வல்லுநர்கள் சொன்ன காலத்தில், குரியனின் நண்பர் தலாயா அதற்கு வழி கண்டார். 1955-ல் ஆனந்தில் அதற்கான ஆலை எழுந்தது. குளிர்காலப் பாலுக்கும் விலை கிடைத்தது. குரியன் வணிகத்தை வகுப்பறையில் படிக்கவில்லை, வேலையில் கற்றார். ஆனால் பிறரும் அவ்வாறே தட்டுத் தடுமாற வேண்டாமென்று, கிராமப்புற நிறுவனங்களுக்கு நிர்வாகிகளை உருவாக்கும் கல்லூரி 1979-ல் ஆனந்திலேயே அமையக் காரணமாக இருந்தார்.

ஆயினும் தம்பி தங்கையரே, ஓர் எச்சரிக்கை. கணக்கு மட்டும் தெரிந்து இயந்திரம் தெரியாதவரும் ஆபத்தானவரே. எண்ணெய் மாற்றும் செலவை மிச்சம் பிடித்ததாக அவர் ஏட்டில் எழுதுவார். ஆறாம் மாதம் பேரிங் எரிந்து ஆலை நிற்கும். ஆகவே பொறியியலை அரைகுறையாக விட்டுவிட்டு நிர்வாகத்துக்குத் தாவாதீர்கள். நான்காண்டும் அதை ஊன்றிப் படியுங்கள். அத்துடன் செலவுக் கணக்கு, புள்ளியியல், பொறியியல் பொருளாதாரம் ஆகியவற்றையும் அக்கறையோடு படியுங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விடுமுறையில் ஒரு பட்டறையில் ஒரு மாதம் நின்று பாருங்கள். லேத்தோடு கணக்குப் பேரேட்டையும் காட்டுமாறு முதலாளியிடம் கேளுங்கள். முடிந்தால் ஈராண்டு வேலை பார்த்தபின் எம்.பி.ஏ. சேருங்கள். அனுபவத்தோடு கேட்கும் பாடம் நெஞ்சில் நிற்கும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு கணக்கு. கல்விக் கடனைப் படிப்பு முடிந்தபின் கட்டலாம் என்றாலும், படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். கல்லூரியின் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், கட்டணம் எவ்வளவு, அங்கே படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்பதை விசாரித்துச் சேருங்கள். பிள்ளை படிக்கப்போகும் முதல் நிர்வாகப் பாடம் அதுவாகவே இருக்கட்டும்.

கணக்குப் பார்ப்பது பேராசை என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். நானும் எண்ணினேன். ஐந்து ரூபாய் கூடுதலாகக் கேட்க வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தின் விலையை ஒன்பது குடும்பங்கள் கொடுத்தன. அவர்களில் ஒருவர் இன்று இந்தக் கூட்டத்திலும் அமர்ந்திருக்கிறார். அன்று அவர் கேட்ட கேள்விக்கு நான் சொல்லாத விடையை, இன்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். நாளை பட்டறை வைக்கப்போகும் நம் பிள்ளைகள், இந்த விடையை முதல் நாளே தெரிந்துகொண்டு தொடங்கட்டும்.