போனில் கேட்பதா, தனி பிளேயர் வாங்குவதா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்புக் கணக்கும் முடிந்த பிறகு, பாட்டு கேட்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். பாங்கில் கிளார்க்காக இருந்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பாட்டுக் கருவிகளை வாங்கிப் பார்ப்பதும் பிரித்துப் பார்ப்பதும் எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே பழக்கம். அதனால்தான் போன மாதம் நம் குடியிருப்பிலேயே இரண்டு பேர் என்னிடம் யோசனை கேட்டார்கள்.

ஒருவர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் தம்பி. இங்கிருந்து திருப்பூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்று சோனி வாக்மேன் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறார். இன்னொருவர் ஒரு அம்மா. மறைந்த அவருடைய வீட்டுக்காரர் சேர்த்து வைத்த சிடிக்கள் இரண்டு பெட்டி இருக்கின்றன. "எல்லாப் பாட்டும் போனிலேயே வருதும்மா, பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடுங்க" என்கிறாராம் மகன். போடட்டுமா என்று கேட்டார். ஒருவர் வாங்கலாமா என்கிறார், இன்னொருவர் தூக்கிப் போடலாமா என்கிறார். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

சோனி முதல் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1979 ஜூலையில். அது கேசட் காலம். பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு ரெக்கார்டிங் சென்டருக்குப் போய், 60, 90 நிமிட கேசட்டில் பதிவு செய்து வாங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2001-ல் ஆப்பிளின் ஐபாட் வந்தது. பிறகு எல்லாவற்றையும் போன் விழுங்கிவிட்டது. 2022 மே மாதம் ஐபாடையே ஆப்பிள் நிறுத்திவிட்டது. ஆனால் சோனி நிறுத்தவில்லை. 2020 ஜனவரியில் இந்தியாவில் வந்த என்டபிள்யூ-ஏ105 மாடலின் அறிமுக விலை 23,990 ரூபாய். 2023-ல் வந்த இசட்எக்ஸ்707 மாடல் அறிமுகமானபோது 69,990 ரூபாய். இந்தப் பணத்தை 7 சதவீத வட்டிக்கு எஃப்.டி.யில் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 4,900 ரூபாய் வரும். பழக்கதோஷம், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவு கொடுத்தால் என்ன கிடைக்கும்? பாட்டு ஃபைலில் இருப்பது வெறும் எண்கள். அந்த எண்களை ஒலியலையாக மாற்ற ஒரு சிப் வேண்டும். டி.ஏ.சி. என்பார்கள். மாற்றியதை இயர்போனுக்குத் தள்ள ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வேண்டும். விலை கூடிய பிளேயர்களில் இந்த இரண்டும் தரமாக இருக்கும். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அதற்குத்தான்.

இதைச் சொல்லிவிட்டுத் தம்பியிடம் ஒன்று கேட்டேன்: "எந்த இயர்போன் வச்சிருக்கீங்க?" காதில் இருந்ததைக் கழற்றிக் காட்டினார். வயர் இல்லாத ப்ளூடூத் மொட்டு. அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது. ப்ளூடூத்தில் பாட்டு எண்களாகவே காற்றில் போகிறது. அதை ஒலியாக மாற்றும் சிப், காதில் மாட்டும் மொட்டுக்குள் இருக்கிறது. எழுபதாயிரம் ரூபாய் பிளேயரில் உள்ள டி.ஏ.சி.யும் ஆம்ப்ளிஃபயரும் அப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்.

சிடி தரத்தில் ஒரு நொடிக்கு எவ்வளவு தகவல் வருகிறது என்று பாருங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு. பெருக்கினால் 14,11,200 பிட். அதாவது சுமார் 1,411 கிலோபிட். எல்லா ப்ளூடூத் கருவியிலும் இருக்கும் எஸ்பிசி முறையில் வழக்கமான உச்ச அளவு 328 கிலோபிட். சோனியின் எல்டாக் முறையில் 990 வரை போகும், ஆனால் அனுப்புகிற கருவி, வாங்குகிற மொட்டு இரண்டிலும் அது இருக்க வேண்டும். சுருக்கினால் பாட்டு கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் சுருக்கிய பாட்டை பஸ் சத்தத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ப்ளூடூத்தில் கேட்பதற்காகத் தனி பிளேயர் வாங்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

அப்படியானால் வயர் போட்டுக் கேட்டால்? இங்கே ஒரு சிக்கல். 2016-ல் ஐபோன் 7-ல் இயர்போன் ஓட்டையை எடுத்தார்கள். பின்னாலேயே மற்றவர்களும் எடுத்துவிட்டார்கள். இப்போது சார்ஜர் ஓட்டையில் ஒரு அடாப்டர் போட்டுத்தான் வயரை மாட்ட வேண்டும். கடையில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அடாப்டரில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் டி.ஏ.சி. சிப் உள்ளேயே இருக்கும். மற்றொன்று வெறும் வயர், பல போன்களில் வேலையே செய்யாது. "டி.ஏ.சி. இருக்குங்களா" என்று கேட்டு, உங்கள் போனில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஆப்பிள் அடாப்டரின் சிப் நல்ல தரம்தான், ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் குறைவாக வரும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் நல்ல அடாப்டர் கிடைத்துவிடுகிறது. தம்பியிடம் இருக்கும் இருபத்தைந்தாயிரத்தில் அடாப்டருக்கு இரண்டாயிரம், நல்ல வயர் இயர்போனுக்கு நாலாயிரம் போதும். இயர்போன் மாறினால் தெரியும் வித்தியாசத்தில் கால்பங்குகூட பிளேயர் மாறினால் தெரியாது. பத்து வருடமாக மாற்றி மாற்றிக் கேட்டுச் சொல்கிறேன்.

பெட்டியில் 96, 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், அதுவும் சின்ன வயதில். சிடி தரமே 22 வரை கொடுத்துவிடும். அறுபது தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு அதில் பாதிகூடக் கேட்பது சிரமம். பழைய மோனோ பாட்டில் பதிவாகாத ஒன்றை எந்தப் பிளேயரும் புதிதாகக் கொண்டுவராது. சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால், ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று சொல்லப்படும் 1978-ன் 'ப்ரியா' பாட்டுகளைப் போடுங்கள். அல்லது இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்' கேளுங்கள். இடது காதில் எந்த வாத்தியம், வலதில் எது என்று பிரித்துக் கேட்கிறதா? கேட்டால் உங்களிடம் இருப்பது போதும்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். நிட்டிங் மிஷின் ஓடும் இடத்தில் வேலை செய்பவர்கள் இங்கே நிறையப் பேர். மிஷின் சத்தத்தை மீற வேண்டும் என்று இயர்போன் சத்தத்தைக் கூட்டுகிறோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து கூடினால் நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. கேட்கும் திறன் போனால் திரும்பி வராது. தனி பிளேயர்களில் ஆம்ப்ளிஃபயர் வலுவாக இருப்பதால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். காதுத் துளைக்குச் சரியாக உட்காரும் ரப்பர் முனையைத் தேர்ந்தெடுத்தால் வெளிச்சத்தம் குறையும், கூட்ட வேண்டிய தேவையும் குறையும். மெயின் ரோட்டில் நடக்கும்போது மட்டும் இரண்டு காதிலும் மாட்டாதீர்கள்.

இனி அந்த அம்மாவின் பெட்டி. "எல்லாம் போனில் வரும்" என்பது பாதிதான் சரி. சந்தா கட்டிக் கேட்பது வாடகை வீடு மாதிரி. 2019-ல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்த இரண்டு மாதத்தில் சரிகமவோடு தகராறு. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், அந்தக் கம்பெனியின் பாட்டுகள் எல்லாம் அதிலிருந்து எடுக்கப்பட்டன. மறுவருடம் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் திரும்ப வந்தன. சரிகம என்றால் பழைய எச்எம்வி இசைத்தட்டுக் கம்பெனிதான். நம் தலைமுறைப் பாட்டில் எவ்வளவு அவர்களிடம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

சிடி உங்கள் சொத்து. அம்மாவிடம் நான் சொன்னது: பெட்டியைப் போடாதீர்கள். கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் மாட்டி ஃப்ளாக் ஃபைலாக மாற்றிக்கொள்ளலாம். அதில் ஒலி எதுவும் குறையாது. நாலு நிமிடப் பாட்டு சிடியில் சுமார் 42 எம்பி, ஃப்ளாக்கில் சுமார் 25 எம்பி ஆகும். 64 ஜிபி மெமரி கார்டில் 2,500 பாட்டுகள் அடங்கும்.

அவருக்குத் தனிக் கருவிதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். காரணம் ஒலித்தரம் இல்லை. ஒரே போனில் பாங்க் ஓடிபி, கேஸ் புக்கிங், மகன் போன், யாரென்றே தெரியாத ஏமாற்றுக்காரன் போன் எல்லாம் வருகின்றன. பாட்டு நடுவில் நாலு முறை நின்றால் யாருக்குப் பிடிக்கும்? இந்த வயதினருக்காகவே சரிகம 2017-ல் கார்வான் கொண்டுவந்தது. பார்க்க ரேடியோ மாதிரி இருக்கும், பாட்டு உள்ளேயே இருக்கும், திருகினால் பாடும். அது ஹை-ஃபை இல்லை. ஆனால் என் பெரியம்மா மாதிரி போனையே தொடப் பயப்படுகிறவர்களுக்கு அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது செலவில்லாத வழி. மகனின் பழைய போனை வாங்கிக்கொள்ளுங்கள். பாங்க் ஆப், யுபிஐ எல்லாவற்றிலிருந்தும் முறையாக வெளியே வந்த பிறகு ரீசெட் செய்து, சிம்மைக் கழற்றி, ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். மெமரி கார்டு மாட்டினால் அது தனி பிளேயர்தான். பின்பக்கம் உப்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உப்பியிருந்தால் பேட்டரி போய்விட்டது, பயன்படுத்தக் கூடாது. அதேபோல ஆண்ட்ராய்டில் ஓடும் வாக்மேன் வாங்கினால் அதில் பாங்க் ஆப் ஏற்றாதீர்கள். அவற்றுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது சீக்கிரம் நின்றுவிடும்.

காசு கொடுத்துத் தனி பிளேயர் வாங்க வேண்டியவர்களும் உண்டு. பெரிய ஹெட்போன் வைத்திருந்து, போனில் போட்டால் சத்தம் போதாதவர்கள். சொந்த ஃபைல் ஆயிரக்கணக்கில் உள்ளவர்கள். தினம் மூன்று நான்கு மணி நேரம் கேட்டு, சாயங்காலம் போனில் சார்ஜ் இல்லாமல் தவிப்பவர்கள். அவர்கள் வாங்கட்டும்.

தம்பி அடாப்டர் வாங்கிவிட்டார். மீதிப் பணத்தை என்ன செய்வது என்று கேட்டார், ஆர்.டி. போடச் சொன்னேன். அம்மாவின் சிடிக்களில் நாற்பது இதுவரை மாற்றியாகிவிட்டது, என் மேஜையில் இன்னும் ஒரு பெட்டி இருக்கிறது. வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, கீழே சங்க அறையில் இரண்டு அடாப்டரும் ஒரு பழைய பிளேயரும் வைத்திருப்பேன். உங்கள் இயர்போனை எடுத்து வாருங்கள், மாட்டிக் கேட்டுப் பார்க்கலாம். ரப்பர் முனையை மட்டும் துடைத்து எடுத்து வரவும்.