படிக்கிறதா, ஒப்பிக்கிறதா?
(கோப்பெங் வட்டாரத் தோட்டப் பெற்றோரிடையே ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மரம் வெட்டி, பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, களைப்பையும் பாராமல் இங்கே கூடியிருக்கிறீர்கள். ஆதலின் சுருக்கமாகவே பேச விரும்புகிறேன்.

கோப்பெங் ஈயத்தால் வளர்ந்த ஊர். 1985ஆம் ஆண்டில் ஈய விலை வீழ்ந்ததைத் தொடர்ந்து கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயத் தொழிலே ஒடுங்கிப் போயிற்று. ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. சிலவற்றில் வீடுகள் எழுந்துவிட்டன. தொழில் மாறும்; நிலம் கைமாறும். பிள்ளை கற்ற எழுத்தோ அவனை விட்டு நீங்காது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வழிசெய்தது. 1962இல் தொடக்கப்பள்ளிக் கட்டணம் நீங்கியது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. பள்ளிக் கதவு திறந்தே இருக்கிறது. ஆயினும் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அனைவரும் படிக்கத் தெரிந்தவர்கள் என்று எண்ணிவிடலாகாது. இதனை நான் என் தவற்றிலிருந்தே கற்றேன்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் பாடத்தைத் தடையின்றிப் படிப்பான். பலமுறை பாராட்டினேன். ஒருநாள் அவன் தாயார் வந்தார். அவர் எழுத்தறியாதவர், பால்மரத் தொழிலாளி. “ஐயா, இவன் விரல் வரி முடிவுக்குப் போய்விடுகிறது, வாய் மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. இவன் படிக்கிறானா, ஒப்பிக்கிறானா?” என்று கேட்டார். பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினேன். பையன் விழித்தான். படிக்கத் தெரிந்த நான் காணாததை, படிக்காத அத்தாய் கண்டுவிட்டார். அன்று தலைகுனிந்தேன்.

ஆகவே, “எங்களுக்கே எழுத்துத் தெரியாதே, நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்கும் பெற்றோருக்கு அத்தாயையே விடையாகக் காட்டுகிறேன். பிள்ளையைச் சொல்லுக்குச் சொல் விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு நடுவே ஒரு சொல்லைத் தொட்டு, “இது என்ன?” என்று கேளுங்கள். அவன் திணறினால் அடிக்க வேண்டாம்; ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள். ஆண்டிறுதி வரை காத்திருக்கவும் வேண்டாம்.

தமிழில் 247 எழுத்துகள் என்றதும் பலர் மலைக்கிறார்கள். உயிர் 12, மெய் 18 ஆகிய முப்பதையும் நன்கு அறிந்து, உயிர்க்குறிகள் சேரும் முறையைப் பழகினால், உயிர்மெய் 216உம் அந்த முறையிலேயே அடங்கும். எஞ்சுவது ஆய்தம் ஒன்றே. பிள்ளைகள் இடறும் இடங்கள் சில உண்டு. ‘கெ’, ‘கே’, ‘கை’ என்பனவற்றில் குறி முன்னே நிற்கிறது; அதன் ஒலியோ பின்னே வருகிறது. ‘கொ’, ‘கோ’ என்பனவற்றில் இருபுறமும் குறி நிற்கிறது. ல, ள, ழ ஆகியவற்றின் ஒலி வேறுபாடு வாயில் பழகினால்தான் எழுத்திலும் நிலைக்கும். இவ்விடங்களில் பிள்ளை தயங்குவது மந்தபுத்தியன்று. தமிழுடன் மலாயையும் ஆங்கிலத்தையும் ஒரே காலத்தில் கற்கும் பிஞ்சு மனம் அது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

வீட்டிலுள்ள பாட்டன் பாட்டிமார்க்கும் ஒரு சொல். ‘லை’, ‘னை’ முதலியவற்றைத் துதிக்கை போல் வளைத்து எழுதக் கற்றவர்கள் நீங்கள். தமிழ்நாட்டில் 1978இல் செய்யப்பட்ட எழுத்துச் சீர்திருத்தமே இன்று நம் பாடநூல்களிலும் உள்ளது. பேரப்பிள்ளை எழுதுவதைத் தவறென்று திருத்திவிடாதீர்கள். அதைவிட, நீங்கள் அறிந்த கதைகளைச் சொல்லுங்கள். காதால் கேட்டறிந்த சொல்லைப் புத்தகத்தில் காணும் பிள்ளை அதனை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும்.

எவ்வளவு நேரம் படிக்க வைப்பது? நாள்தோறும் கால்மணி நேரம் போதும். கத்தி ஆழமாகப் பாய்ந்தால் மரம் காயப்படும், பட்டை நேராக வளராது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அளவோடு, நாள் தவறாமல் வெட்டும் கைக்கே மரம் பால் தருகிறது. பிள்ளையின் படிப்பும் அத்தகையதே. மாலையில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் சற்றே நிறுத்திவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் அமருங்கள். அரிசிப் பையில் உள்ள பெயரையும், மருந்துப் புட்டியில் உள்ள எழுத்தையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தன் படிப்பு வீட்டுக்குப் பயன்படுகிறது என்று உணரும் பிள்ளை மேலும் படிக்க விரும்பும்.

அந்தப் பையன் அவ்வாண்டு முடிவதற்குள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினான். முன்போல் வேகமாகப் படிக்கவில்லை. தட்டுத் தடுமாறித்தான் படித்தான். ஆனால் அவன் விரலும் வாயும் ஒரே சொல்லில் நின்றன. அன்று அவன் தாயாரின் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை உங்கள் முகங்களிலும் காண விழைகிறேன்.