நிவாரணம் கருணையல்ல, உரிமை
(கொல்கத்தாவில் நிகழ்த்தப்பட்ட உரையிலிருந்து)



2020 மே 20 அன்று அம்பன் புயல் மேற்கு வங்கக் கடற்கரையைத் தாக்கியது. அது முன்னறிவிப்பின்றி வந்த புயல் அல்ல. வானிலை ஆய்வுத் துறை பல நாட்களுக்கு முன்பே அதன் பாதையைக் கணித்து எச்சரித்தது. மாநிலத்தில் சுமார் 5 லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு வெளியேற்றப்பட்டனர். 1999இல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். இம்முறை வங்கத்தில் உயிரிழப்பு நூறுக்குள் நின்றது. முன்தயாரிப்பு உயிர் காக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனால், அந்தத் தயாரிப்பு புயல் கரையைக் கடந்ததோடு முடிந்துபோனது. கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. பெருந்தொற்றுக் கால ஊரடங்கில், மின்சாரமும் குடிநீரும் இன்றி மக்கள் நாட்கணக்கில் தவித்தனர்; வீதிக்கு வந்து மறியல் செய்தனர். மூன்று நாட்கள் கழித்தே ராணுவம் அழைக்கப்பட்டது. மின் விநியோகம் தனியார் நிறுவனத்தின் பொறுப்பு என்று மாநில அரசு கைகாட்டியது. சேவையைத் தனியாரிடம் விட்டுவிடலாம். மக்களுக்குப் பதில் சொல்லும் கடமையை விட்டுவிட முடியாது.

சுந்தரவனத்தின் நிலை இன்னும் கொடிது. 2009இல் அய்லா புயல் உடைத்த கரைகளில் பெரும்பகுதி, 11 ஆண்டுகளுக்குப் பின்னும் வெறும் மண்கரைகளாகவே இருந்தன. அம்பன் மீண்டும் அவற்றை உடைத்தது. உப்புநீர் வயல்களில் புகுந்தது.

இழப்பு 1 லட்சம் கோடி ரூபாய் என்றது மாநில அரசு. வானிலிருந்து பார்வையிட்ட பிரதமர் அறிவித்த முன்பணமோ 1,000 கோடி. வீடிழந்தோருக்கான 20,000 ரூபாய் உதவியிலும் முறைகேடு மலிந்ததாகப் புகார்கள் குவிந்தன. நிவாரண விநியோகத்தைத் தணிக்கை செய்யுமாறு மத்தியத் தணிக்கைத் துறைக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது.

1963இல் ஃபுளோரா சூறாவளிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தது கியூபா. அந்தச் சிறிய சோசலிச நாடு அதிலிருந்து பாடம் கற்று, குடியிருப்புதோறும் மக்களைத் திரட்டிக் குடிமைப் பாதுகாப்பு அமைப்பைக் கட்டியெழுப்பியது.

இந்தியாவிலும் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, உறைவிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கச் சொல்கிறது. அதை நடைமுறையாக்கும் போராட்டமே இன்றைய தேவை. உறுதியான கரைகள், கிராம சபையில் வாசிக்கப்படும் பயனாளிகள் பட்டியல், போதிய மத்திய நிதி: இவை சலுகைகள் அல்ல, மக்களின் உரிமைகள். அடுத்த புயலுக்கு முன்பே இவற்றை வென்றெடுக்க வேண்டும்.