பள்ளிக்கு முன் ஒரு சோதனை
(பொதட்டூர்பேட்டையில் நம் சங்க அங்கத்தினர் முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்குமுன் அவர்தம் வளர்ச்சியைத் தக்க வைத்தியரிடம் காட்டிச் சோதித்தறிதல் இன்றியமையாதது என்பதே யான் இன்று கூற வந்த விஷயமாகும்.

தறியோசை ஓயாத ஊர் நம்முடையது. கூப்பிட்ட குழந்தை திரும்பிப் பாராவிடின், தறிச் சத்தத்தில் காதில் விழவில்லை என்கிறோம். இரண்டு வயதாகியும் பேசாவிடின், இவன் பாட்டனாரும் தாமதித்தே பேசினார் என்று ஆறுதல் கொள்கிறோம். அவ்வாறிருத்தலும் கூடும், செவிக்குறையாயிருத்தலும் கூடும், ஆட்டிசம் என்னும் வளர்ச்சி வேறுபாடாயிருத்தலும் கூடும். இன்னதெனத் துணிதற்குரியார் வைத்தியரேயன்றி அண்டை வீட்டார் அல்லர்.

அறிகுறிகள் சிலவற்றைத் தாய்மார்கள் நினைவிற் கொள்க. 12 மாதம் நிரம்பியும் மழலையொலி எழுப்பாமை, விரலாற் சுட்டிக் காட்டாமை. 16 மாதத்தில் ஒரு சொல்லேனும் பேசாமை. 18 மாதத்தில் நடவாமை. 24 மாதத்தில் இரு சொற்களைத் தானே சேர்த்துச் சொல்லாமை. எவ்வயதிலேனும் கற்ற பேச்சை இழத்தல். இவற்றுள் ஒன்று காணினும் காலந் தாழ்த்தலாகாது. பேச்சுத் தாமதித்தால் செவியையும் சோதிப்பித்தல் வேண்டும். மூளை விரைந்து வளரும் இளம்பருவத்தில் தரும் பயிற்சி மிக்க பயனளிக்கும். பாவில் இழை அறுந்தால் உடனே பிணைக்கிறோம். சேலை முடிந்தபின் பார்க்கலாமென்று நம்மில் எவரும் இரார்.

செலவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. மத்திய அரசாங்கத்தார் 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய சிறார் நலத்திட்டப்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பார்வையிடல் வேண்டும். மேற்சோதனைக்கு மாவட்ட இடையீட்டு மையம் உண்டு. இவை யாவும் இலவசம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-இல் நிறுவப்பெற்ற தேசிய நிறுவனமும் இத்துறையில் தொண்டாற்றி வருகிறது.

குறையென்று தெரிந்தால் பள்ளியில் சேர்க்கமாட்டார்களே என்பர் சிலர். 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், சேர்க்கைக்காகக் குழந்தையைச் சோதித்துப் பொறுக்குதலைத் தடுக்கிறது. அரசாங்க உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இக்குழந்தைகளைப் பேதமின்றிச் சேர்த்தல் வேண்டுமென 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விதிக்கிறது. யாம் கூறும் சோதனை குழந்தையை ஒதுக்குதற்கன்று. அதற்கு எவ்வித உதவி வேண்டுமென அறிதற்கேயாம்.

இவை எல்லாவற்றினும் பெரிய தடை ஒன்றுண்டு. தம்பிக்குக் குறையென்று ஊரறிந்தால் தமக்கையின் விவாகம் தடைப்படுமே என்னும் அச்சம் அது. சகோதரர்களே, அந்த ஊரார் யார்? சம்பந்தம் பேசப் போகுமிடத்தில் அவ்வீட்டுக் குழந்தையைப்பற்றி இரகசியமாய் விசாரிப்பவர் நாமே! நம் நாவுக்கு அஞ்சியன்றோ ஒரு தாய் தன் மகவை உள்ளறையில் வைத்திருக்கிறாள்? நம்மால் விளைந்த தடையை நாமே நீக்கல் வேண்டும்.

ஆதலின், வரும் பள்ளியாண்டில் சேரவிருக்கும் குழந்தைகளின் கணக்கைத் தெருவாரியாய் எடுத்து, சோதனைக்குச் செல்லும் தாயோடு துணையாய் ஒருவரை அனுப்பும் பொறுப்பை நம் சங்கம் மேற்கொள்ளுமாறு வேண்டி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.