வாசலில் அமர்ந்தவரின் கடமை

    பழைய வழக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

யூத சமயத்தில் தனிமனித ஈடுபாட்டுக்கு இடம் உண்டா? 613 கட்டளைகளின் பட்டியலில் மனசுக்கு ஏது வேலை என்று என் துறை நண்பர்கள் வெகுகாலமாகக் கேட்கிறார்கள். சிலர் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் நிறுத்தும் சாட்சி ஒருவர்தான்: கொச்சி வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). நம் மாம்பழச் சேலத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பி.ஏ.வும் சட்டமும் படித்தது நம் சென்னையில்தான்.

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் உங்களில் பலர் சுற்றுலாவில் பார்த்ததுதான். தரையில் நீலமும் வெள்ளையுமாகச் சீன ஓடுகள், நடுவே பித்தளைக் கம்பியிட்ட மேடை. ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில் ஏழு பேரைப் பெயர் சொல்லி அழைத்துத் தோரா என்னும் வேதநூல் வாசிப்பில் பங்கு தருவது யூத மரபு. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த சேலம் குடும்பத்தாருக்கு அன்று அங்கே அந்த அழைப்பு கிடையாது. உள்ளே பெஞ்சில் உட்காரவும் கூடாது, முன்கூடத்துத் தரைதான். இத்தனைக்கும், இத்தகையோர் முழு யூதரே என்று எகிப்தின் யூத மதகுரு ரபி டேவிட் பென் ஸிம்ரா 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சிக்குப் பதில் எழுதிவிட்டார். பதில் வந்தது, பெஞ்சு வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஓய்வுநாளில் தீ மூட்டாதே, விலக்கிய உணவைத் தொடாதே என்ற கட்டளைகளில் அவர்களுக்கு ஒரு சலுகையும் இல்லை. கடமை முழுசாக உண்டு, மரியாதை மட்டும் இல்லை. சேலம் ஆலயத்தைச் சில காலம் புறக்கணித்தார். காந்தி வழியில் சத்தியாக்கிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்ற பெயரும் வந்தது.

இங்கேதான் என் நண்பர்கள் வைக்கத்தை இழுக்கிறார்கள். 1924–25இல் வைக்கத்தில் கேட்டது கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமை. சேலம் கேட்டதும் உரிமைதானே, இதில் சமய ஈடுபாடு எங்கே என்கிறார்கள். உரிமை மட்டுமே குறி என்றால் அவருக்கு வேறு வாசல்கள் திறந்தே இருந்தன. கொச்சி சட்டசபையில் உறுப்பினர், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய் வந்தவர். பொதுவாழ்வே போதும் என்று ஜெப ஆலயத்தைத் தலைமுழுகியிருக்கலாம். ஆனால் பழைய வாசலுக்கே திரும்பத் திரும்ப வந்தார். தன்மேல் ஏற்றிய கடமையை முழுசாகச் செய்யவிடு என்பதுதான் அவர் வழக்கு.

உடனே, வெளியே நின்றே சிவனைத் தொழுத நந்தனாரைச் சொல்வீர்கள். சொல்லாதீர்கள். நந்தனாரை இழுத்தது காதல். திருப்புன்கூரில் நந்தி விலகியது அந்தக் காதலுக்காக. யூத மரபின் கணக்கு வேறு. கட்டளையிடப்படாமல் தானே விரும்பிச் செய்பவனைவிட, கட்டளைக்கு உட்பட்டுச் செய்பவனே உயர்ந்தவன் என்று யூதச் சட்ட விளக்க நூலான தல்மூதில் ரபி ஹனினா தீர்ப்புச் சொல்கிறார். பக்தியில் ஊறிய நம் காதுக்கு இது கசக்கும். விருப்பம் வரும், போகும். கடமையைத் தலையில் வாங்கியவன் விருப்பமில்லாத நாளிலும் எழுந்து தொழவேண்டும். இதைவிடத் தனிப்பட்ட ஈடுபாடு எது என்று என் நண்பர்கள்தான் சொல்ல வேண்டும்.

தடைகள் மெல்லத் தளர்ந்தன. 1930களின் பின்பகுதியில் கொச்சிக்கு வந்த மானுடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் அந்த மாற்றத்தை எழுதியிருக்கிறார். பின்னர் கொச்சி யூதர் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கப்பலேறினர். அதற்குப் பாடுபட்ட சேலமோ கொச்சியிலேயே இருந்து மறைந்தார்.

நேரம் ஆகிவிட்டது, மணி அடிக்கிறார்கள். ஆனால் கடமை இல்லாத விருப்பம் என்னாகும் என்பதற்கு அடையாறு பற்றிச் சொல்லாமல் இறங்க முடியாது. 1925இல் பிரம்மஞான சபையின் பொன்விழாவின்போது இங்கே எபிரேய பிரம்மஞானிகள் சங்கம் தோன்றியது. ஜெப ஆலயம் ஒன்றுக்கு அடிக்கல்லும் நட்டார்கள். கட்டடம் எழவில்லை. பணக்குறைதான் காரணம் என்பார்கள். கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் நாள்தோறும் வந்தாக வேண்டும். மாநாட்டுக்கு வந்தவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். கடமையாக நாள்தோறும் வர ஆளில்லாததே காரணமோ என்பது என் சந்தேகம். சபை ஆவணங்களை இந்தக் கண்ணோடு யாராவது படிக்கட்டும்.

இன்று தொட முடியாமல் விட்டவையும் உண்டு. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் சனிக்கிழமை செக்கு ஓட்டாமல் இருந்ததால் ‘சனிவார் தேலி’ (சனிக்கிழமைச் செக்கர்) எனப்பட்டார்கள். அது தனி நூலுக்கான பொருள். சென்னை லாயிட்ஸ் சாலை யூதக் கல்லறைக் கற்களை எபிரேயம் தெரிந்த மாணவர் ஒருவர் படியெடுத்தால் நல்லது. 1688 மதராஸ் மாநகராட்சியில் இருந்த யூத ஆல்டர்மன்கள் (நகரசபை உறுப்பினர்கள்) வைரம் விற்றது தெரியும். அவர்கள் ஓய்வுநாள் காத்தார்களா என்று கோட்டைப் பதிவேடுகளில் தேடலாம். பெண்களின் மலையாள யூதப் பாடல்களை நான் தொடவே இல்லை. அடுத்த ஆண்டு பேசுபவர் எடுத்துக்கொள்ளட்டும்.