கோப்பை கேட்காத பாசம்

(‘தங்கள் ஹாக்கி அணியின் மீது உண்மையான பாசம் வைத்திருப்பவர்கள் மாண்ட்ரியல் ரசிகர்களா, டொரன்டோ ரசிகர்களா?’ என்ற தலைப்பில் டொரன்டோவில் நடந்த பட்டிமன்றத்தில், ‘டொரன்டோ ரசிகர்களே’ என்ற அணியில் பேசியது)



நடுவர் ஐயா, நான் மதுரைக்காரி. எங்க ஊரில் ஐஸ் என்றால் சர்பத்தில் போடுவோம், இல்லை மீன் மேல் போடுவோம். இந்த ஊரில் அதன் மேலே ஏறி, காலில் கத்தியைக் கட்டிக்கொண்டு, கையில் கம்பை வைத்துக்கொண்டு, பந்துக்குப் பதிலாக ஒரு கறுப்பு ரப்பர் வில்லையைத் துரத்துகிறார்கள். அதற்குப் பேர் ஹாக்கி. முதல் தடவை பார்த்தபோது, ‘இதென்னடா, சண்டைக்கு நடுவுல விளையாடறாங்களா, விளையாட்டுக்கு நடுவுல சண்டை போடறாங்களா?’ன்னு எங்க அண்ணனைக் கேட்டேன். (சிரிப்பு)

இன்னொரு குழப்பமும் இருக்கு. இங்கே இருக்கிற ஈழத்துச் சொந்தங்கள் ‘ரொறன்ரோ’ன்னு எழுதறாங்க. நாங்க ‘டொரன்டோ’ன்னு எழுதறோம். எப்படி எழுதினா என்னங்க? எந்த எழுத்தில எழுதினாலும் 1967-க்கு அப்புறம் கோப்பை கிடையாது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்கிறீங்க இல்ல? இந்தச் சிரிப்புதான் ஐயா என் வழக்குக்குச் சாட்சி. அறுபது வருஷம் ஆகப்போற புண்ணை, புண் பட்டவங்களே தடவிப் பார்த்துச் சிரிக்கறாங்க பாருங்க.

எதிரணியிலே பேசிய பேராசிரியர் 1955-ம் வருஷத்துக் கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார், நானே கண் கலங்கினேன். மாரிஸ் ரிச்சர்ட். ‘ராக்கெட்’ என்று பேர். பிரெஞ்சு பேசும் சாதாரண ஜனங்களுக்கு, சொந்த ஊரிலேயே இரண்டாந்தரமாக நடத்தப்பட்டதாக நினைத்துக் குமுறிக் கொண்டிருந்த ஜனங்களுக்கு, அவர் ஆட்டக்காரர் மட்டும் இல்லை, அவர்களுடைய நெஞ்சு நிமிர்வு. அந்த மார்ச் மாதம் பாஸ்டனில் நடந்த அடிதடியில் லைன்ஸ்மேனைக் குத்திவிட்டார் என்று, அந்த வருஷம் இனி ஆடவே கூடாது என்று லீக் தலைவர் கிளாரன்ஸ் காம்ப்பெல் தடை போட்டார். தடை போட்டவர் வீட்டில் இருக்க வேண்டாமோ? மார்ச் 17-ம் தேதி மாண்ட்ரியல் அரங்கத்துக்கே ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்தார். தக்காளி பறந்தது. முட்டை பறந்தது. உள்ளே கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது. கூட்டம் வெளியே வந்து கடைத்தெருவையே உடைத்து நொறுக்கியது. மறுநாள் ரிச்சர்டே வானொலியில் பேசி அமைதிப்படுத்த வேண்டியதாயிற்று. அவர் 2000-ம் வருஷம் இறந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். கியூபெக் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது.

இதை நான் மறுக்கவே இல்லை. அது பாசம்தான். ஆனால் பேராசிரியர் ஐயா, கதையை ஏன் பாதியிலே நிறுத்திட்டீங்க?

அதே 1955. தடை வந்த நேரத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர் பட்டியலில் ரிச்சர்டுதான் முதலிடம். அவர் ஆட முடியாமல் உட்கார்ந்திருக்க, ஜெஃப்ரியான் என்பவர் ஒரே ஒரு புள்ளியில் அவரை முந்திவிட்டார். இந்த ஜெஃப்ரியான் யாரு? எதிரியா? அதே மாண்ட்ரியல் அணிங்க! ரிச்சர்டுக்குப் பக்கத்திலே உட்கார்ந்து சட்டை மாத்தறவர். அவர் கோல் போட்டதுக்கு மாண்ட்ரியல் ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கூச்சல் போட்டு அவமானப்படுத்தினார்கள். தன் வீட்டுப் பிள்ளை நல்ல மார்க் எடுத்ததுக்கு அடிக்கிற அப்பனை நீங்க பார்த்திருக்கீங்களா?

சரி, அது அந்தக் காலம். 1995-க்கு வருவோம். பாட்ரிக் ரோவா என்று ஒரு கோல்கீப்பர். 1986-லும் 1993-லும் மாண்ட்ரியல் கோப்பை வாங்கியதில் பெரிய பங்கு அவருடைய கைக்கு உண்டு. டிசம்பர் 2-ம் தேதி, டெட்ராய்ட்டிடம் 11-க்கு 1 என்று சொந்த அரங்கத்திலே உதை. நடுவிலே அவர் ஒரு சுலபமான வில்லையைத் தடுத்தார். உடனே கூட்டம் கைதட்டியது. பாராட்டி இல்லை, ஐயா, கேலியாக! அந்த மனுஷன் இரண்டு கையையும் தூக்கி அந்தக் கேலிக்குக் கும்பிடு போடுவது போல நின்றார். ஒன்பது கோல் வாங்கிய பிறகுதான் அவரை வெளியே அழைத்தார்கள். நேரே போய் நிர்வாகத் தலைவரிடம், ‘இந்த ஊரில் இதுதான் என் கடைசி ஆட்டம்’ என்று சொல்லிவிட்டார். நாலே நாளில் கொலராடோ அணிக்குப் போனார். அடுத்த ஜூனில் கொலராடோ கோப்பை வாங்கியது!

இரண்டு கோப்பை கொடுத்தவனுக்கு ஒரு ராத்திரி மன்னிப்பு இல்லை. 24 கோப்பை வாங்கின ஊர் என்று பெருமையாகச் சொன்னீர்கள். இந்த 24-தான் ஐயா நோயே. ஜெயிச்சே பழகிட்டாங்க. மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துக்கிட்டு, ‘இந்த வருஷச் சீர் எங்கே?’ன்னு கேக்கறாங்க. (சிரிப்பு) 1993-ல் கோப்பை ஜெயித்த ராத்திரிகூட அந்த ஊரில் கலவரம். தோத்தா உடைக்கிறது புரியுது. ஜெயிச்சதுக்கு எதுக்குங்க உடைக்கணும்?

எங்க ஊர் யோக்கியமா என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. ஒப்புக்கொள்கிறேன். 2010 டிசம்பரில் டொரன்டோக்காரர் ஒருவர் ஆத்திரம் தாங்காமல் மைதானத்தில் பலகாரத்தை வீசினார். வாஃபிள் என்று, கட்டம் கட்டமாக இருக்குமே, அது. ஆனால் கோபத்திலும் சோறு போட்டிருக்கோம் பாருங்க! (பலத்த சிரிப்பு)

இப்போ கணக்குக்கு வரேன். 1967 மே 2-ம் தேதி, டொரன்டோ கடைசியாகக் கோப்பை வாங்கிய நாள். யாரைத் தோற்கடித்து? இதே மாண்ட்ரியலை. கிழவர்கள் அணி என்று எல்லாரும் கேலி செய்த அணி; கோல் காத்தவர்களில் ஒருவரான ஜானி பவருக்கு வயது 42. அன்றைக்குக் கணக்கு என்ன? மாண்ட்ரியல் 14, டொரன்டோ 13. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். அதற்குப் பிறகு 1993-க்குள் மாண்ட்ரியல் இன்னும் பத்துக் கோப்பை வாங்கியது. டொரன்டோ அதே 13.

சரக்கு சரியில்லாத கடைக்குப் போவோமா நாம்? மாட்டோம். ஆனால் இந்த ஊரின் பழைய அரங்கம் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் இருக்கிறதே, 1946-லிருந்து 1999-ல் மூடும் வரைக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் தீர்ந்து போயிருக்கிறது. நடுவிலே அணியின் முதலாளி ஹெரால்ட் பாலர்ட் மோசடி வழக்கில் தண்டனை பெற்று ஜெயிலுக்கே போய் வந்தார். அப்போதும் டிக்கெட் தீர்ந்தது! கர்ணன் துரியோதனனை விட்டுப் போகவில்லை, செஞ்சோற்றுக் கடன் என்கிறோம். கர்ணனுக்காவது ஐயா அங்க தேசம் கிடைச்சுது. டொரன்டோ ரசிகனுக்கு என்ன கிடைச்சுது? டிக்கெட் விலையேற்றம்! (கைதட்டல்) அந்தப் பழைய கட்டடத்தில் இப்போது மளிகைக் கடை. மைதானத்தின் நடுப்புள்ளி இருந்த இடத்தில், அலமாரிகளுக்கு நடுவே தரையில் ஒரு சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் போனபோது ஒரு பெரியவர் தள்ளுவண்டியோடு வந்தார். அந்த வட்டத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். வண்டியில் பாலும் ரொட்டியும்.

2004-க்குப் பிறகு 2023-ல் முதல் சுற்றைத் தாண்டினார்கள். முதல் சுற்றுங்க, கோப்பை இல்லை! அதற்கே தெருவில் இறங்கி ஆட்டம் போட்டது இந்த ஊர். அரங்கத்துக்குள்ளே கம்பெனிக்காரர்கள் கோட்டு சூட்டோடு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எதிரணித் தங்கை சொன்னார். உண்மைதாம்மா. டிக்கெட் வாங்க வசதியில்லாதவன் வெளியே குளிரில் பெரிய திரைக்கு முன்னால் நிற்கிறான், நீ அங்கே போய்ப் பாரு.

ஐயா, நேரம் ஆகிறது. எங்க அண்ணன் கதையை மட்டும் சொல்லி விடுகிறேன்.

அண்ணன் 1992 அக்டோபரில் இந்த ஊருக்கு வந்தார். படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினார். எங்களுக்கு எழுதிய கடிதத்தில் ‘ஆபீஸ்’ என்றுதான் எழுதினார். சமையற்கட்டில் ஏழெட்டுப் பேர். அவரோடு யாரும் பேசமாட்டார்கள். வெறுப்பு இல்லை, வேலை அப்படி. தட்டு வரும், தட்டு போகும்.

1993 மே மாதம். டொரன்டோ அரையிறுதிக்கு வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸோடு ஆட்டம். இந்தப் பக்கம் மாண்ட்ரியல் ஏற்கெனவே இறுதிக்குத் தயார். ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும், டொரன்டோவும் மாண்ட்ரியலும் 1967-க்குப் பிறகு மறுபடியும் இறுதியில் மோதும். ஆறாவது ஆட்டத்தில் வேய்ன் கிரெட்ஸ்கியின் கம்பு நம்ம கில்மோர் முகத்தில் பட்டு ரத்தம் வந்தது. நடுவர் தண்டனை கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் அதே கிரெட்ஸ்கி வெற்றி கோலைப் போட்டார். (நடுவர் ஐயா, நான் உங்களைச் சொல்லவில்லை.) மே 29, சனிக்கிழமை, ஏழாவது ஆட்டம் டொரன்டோவிலேயே. கிரெட்ஸ்கி மூன்று கோல். 5-க்கு 4, டொரன்டோ அவுட். அந்தக் கிரெட்ஸ்கியும் இங்கே பக்கத்து பிராண்ட்ஃபோர்ட் ஊர்ப் பையன்தான்!

சமையற்கட்டில் ஒரு சின்ன ரேடியோ. ஆட்டம் முடிந்ததும் யாரோ அதை அணைத்தார்கள். தண்ணீர் விழும் சத்தம் மட்டும். அண்ணனுக்கு ஆட்டத்தின் விதிகூடத் தெரியாது. தலைமைச் சமையல்காரர், போர்ச்சுகலிலிருந்து வந்த பெரிய உருவம், ஏழு மாதத்தில் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசாதவர், வந்து தோளில் கை வைத்து, ‘வீ லாஸ்ட்’ என்றாராம்.

இங்கிலீஷில் ‘வீ’ என்று ஒரே சொல்தான். ‘நாங்க’ளா, ‘நாம’ளா, அதில் தெரியாது. தமிழில் இரண்டும் வேறே வேறே. ‘நாங்க தோத்துட்டோம்’னா நீ வெளியாள். ‘நாம தோத்துட்டோம்’னா நீயும் உள்ளே. அண்ணன் காதிலே அது ‘நாம’ என்று விழுந்தது ஐயா. அன்னிக்கு ராத்திரிதான் எங்களுக்கு உண்மையான கடிதம் எழுதினார். ‘பாத்திரம்தான் கழுவறேன், ஆனா நல்லா இருக்கேன்’னு. (கைதட்டல்)

அன்றையிலிருந்து அண்ணன் டொரன்டோ ரசிகர். மகன் பிறந்தான், அவனும். 2021 மே மாதம், கொரோனா காலம். முதல் சுற்றிலேயே டொரன்டோவும் மாண்ட்ரியலும். 3-க்கு 1 என்று முன்னே இருந்தது டொரன்டோ. இன்னும் ஒன்று போதும். இரண்டு ஆட்டம் கூடுதல் நேரத்தில் போச்சு. மே 31, கடைசி ஆட்டம். அன்றைக்கு அரங்கத்துக்குள் அனுமதித்தது தடுப்பூசி போட்ட 550 மருத்துவப் பணியாளர்களை மட்டும், இலவசமாக. எங்க அண்ணியும் நர்ஸ்தான், அவங்க ராத்திரி டூட்டி முடிச்சு வந்து தூங்கிட்டாங்க. ஒரு வருஷமா சாவைப் பார்த்துட்டு வந்த 550 பேர், அன்னிக்கு இதையும் பார்த்தாங்க. மாண்ட்ரியல் 3, டொரன்டோ 1.

மதுரையில் அப்போது விடிந்திருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவன் மகன் எடுத்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழ் தடுமாறும். ‘நாங்க’, ‘நாம’ வித்தியாசமெல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்து நான் தோற்றிருக்கிறேன். ‘அத்தை’ என்றான். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. ‘அத்தை, நாம தோத்துட்டோம்.’

ஐஸ் மேலே ஒரு நாளும் கால் வைக்காதவள் நான். கையில் காபி டம்ளரோடு ஜூன் மாதப் புழுக்கத்தில் நிற்கிறேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா ஐயா? ‘விடுடா கண்ணா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’னு சொன்னேன். (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணி அடித்துவிட்டார்.